கேள்வியை ஒழுங்காகக் கேளுங்கள் சாமி!

"இந்தியாவின் முதல் வங்கி எது?"

எந்த ஊர் காமர்ஸ் அசோசியேஷன் விழாவாக இருந்தாலும் இந்தக் கேள்வி இல்லாமல் பிசினஸ் குவிஸ் முடிவதில்லை. குவிஸ் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, ஏதோ பிரம்ம ரகசியத்தைக் கேட்பது போலக் கேட்பார். முதல் டீம் 'பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான்' என்று சொல்லும். இரண்டாவது டீம் 'ஜெனரல் பேங்க் ஆஃப் இந்தியா'. மூன்றாவது டீம் 'ஸ்டேட் பேங்க்'. கடைசி டீமில் எவனோ ஒருவன் தயங்கித் தயங்கி 'பஞ்சாப் நேஷனல் பேங்க்' என்பான். குவிஸ் மாஸ்டர் கையில் இருக்கும் அட்டையில் இந்த நாலில் ஏதோ ஒன்று எழுதியிருக்கும். அதைச் சொன்ன டீமுக்குப் பத்து பாயிண்ட். மற்ற மூன்று டீமுக்கும் "சாரி, தவறான விடை!"

தவறா? எது தவறு?

கல்கத்தாவில் அலெக்சாண்டர் அண்ட் கம்பெனி என்ற ஏஜென்சி நிறுவனம் 1770-ல் ஆரம்பித்ததுதான் பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான். தேதியை மட்டும் பார்த்தால் அந்த நாலில் அதுதான் முன்னால் நிற்கிறது. 1832 வாக்கில் கடையைச் சாத்திவிட்டார்கள். 1786-ல் வந்தது ஜெனரல் பேங்க் ஆஃப் இந்தியா. ஐந்தே வருஷத்தில் அதுவும் காலி. ஆனாலும் பல கைடுகளில் இதையே முதல் வங்கி என்று அச்சடித்திருக்கிறார்கள். 1806-ல் பேங்க் ஆஃப் கல்கத்தா தொடங்கப்பட்டது. 1809-ல் அது பேங்க் ஆஃப் பெங்கால் ஆனது. 1921-ல் பம்பாய், மதராஸ் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கி ஆனது. 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆனது. ஆக இன்றைக்கும் உயிரோடு இருக்கும் வங்கிகளில் பழைய வேர் எது என்றால் ஸ்டேட் பேங்க். 1894-ல் லாகூரில் பதிவான பஞ்சாப் நேஷனல் பேங்க், இந்தியர்களின் மூலதனத்தில் தொடங்கி இன்றுவரை நிற்கும் முதல் வங்கி என்று பெருமைப்பட்டுக்கொள்கிறது. அந்தப் பெருமைக்கும் பங்காளி உண்டு. 1911-ல் சொராப்ஜி போச்கானாவாலா தொடங்கிய சென்ட்ரல் பேங்க், "முழுக்க இந்தியர்களுக்குச் சொந்தமான, இந்தியர்களே நடத்திய முதல் வணிக வங்கி நாங்கள்தான்" என்கிறது. இரண்டு வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும் :-)

இதெல்லாம் போக, அலகாபாத் வங்கி. 1865-ல் தொடங்கியது. "இந்தியாவின் பழைய பொதுத்துறை வங்கி எது" என்று கேட்டால் ஒரு தலைமுறையே அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி அது இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டுவிட்டது. கைடு மட்டும் இணையவில்லை.

ஆறு பதில் ஆயிற்று. இதில் ஒன்றுகூடத் தப்பு கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடைமொழி சேர்ந்தால் சரியாகிவிடும். "இந்தியாவில் ஐரோப்பிய முறையில் தொடங்கப்பட்ட பழைய வங்கிகளில்", "இன்றும் தொடரும்", "இந்தியர் மூலதனத்தில் தொடங்கிய". இரண்டு மூன்று வார்த்தை. அதைச் சேர்க்கச் சோம்பல்பட்டது குவிஸ் மாஸ்டர். பாயிண்ட் இழந்தது போட்டியாளர். என்ன நியாயம் இது?

இதில் யார் தோற்கிறார்கள் என்று கவனித்தால் இன்னும் எரிச்சல் வரும். ஒரே ஒரு கைடைப் படித்துவிட்டு வந்தவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவனுக்குத் தெரிந்தது ஒரே பதில். கேள்வி முடிவதற்குள் பஸ்ஸரை அமுக்கிவிடுவான். நாலு புத்தகம் புரட்டியவள்தான் "எந்த முதல்? எந்த அர்த்தத்தில் முதல்?" என்று யோசித்துக்கொண்டிருப்பாள். யோசித்து முடிப்பதற்குள் பாயிண்ட் போய்விடும். அதாவது அதிகம் தெரிந்தவர்களைத் தண்டிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி மாதிரி வேலை செய்கிறது இந்தத் தெளிவில்லாத கேள்வி. பொது அறிவுப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டு, பொது அறிவு இருப்பவர்களுக்கு அபராதம்!

தெளிவில்லாத கேள்வி கேட்பதாகத் தெரிவது ஒன்று, உண்மையில் சோதிப்பது வேறொன்று. "இந்தியாவின் முதல் வங்கி எது" என்ற வரிக்குள் ஒளிந்திருக்கும் நிஜக் கேள்வி, "இந்தக் குவிஸ் மாஸ்டர் எந்த கைடிலிருந்து காப்பி அடித்தார்?" என்பதுதான். அதற்குப் பொது அறிவு போதாது, ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பிரசித்தி பெற்ற கேள்வி: "இந்திய ரூபாய் நோட்டில் எத்தனை மொழிகள் உள்ளன?" இதற்கு நடந்திருக்கும் சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமே போடலாம். பாதிப் பேர் 15 என்பார்கள், பாதிப் பேர் 17 என்பார்கள். இரண்டு கூட்டமும் பர்சிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடிவரும். நோட்டின் பின்பக்கம் இருக்கும் மொழிப் பட்டியலில் அஸ்ஸாமியில் தொடங்கி உருதுவில் முடிய 15 மொழிகள். ஆங்கில அகர வரிசைப்படி தமிழுக்குப் பதின்மூன்றாம் இடம். அந்தப் பட்டியலுக்கு வெளியே இந்தியும் ஆங்கிலமும் தனியாகப் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஆக நோட்டில் 17, பட்டியலில் 15. "மொழிப் பட்டியலில்" என்ற ஒரே வார்த்தை கேள்வியில் இருந்திருந்தால் எவனும் பர்ஸைத் திறந்திருக்க மாட்டான்.

"இந்திய ரூபாய் நோட்டில் கையெழுத்திடுபவர் யார்" என்பதும் இதே ரகம். ரிசர்வ் வங்கி கவர்னர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது மத்திய அரசு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து. இதை ஒரு பையன் எடுத்துச் சொன்னால் "ரொம்ப விவரமா பேசாதே தம்பி" என்று உட்கார வைத்துவிடுவார்கள். விவரமாகப் பேசக் கூடாது என்றால் எதற்குக் குவிஸ்?

ஜி.எஸ்.டி. எந்த அரசியல் சட்டத் திருத்தம்? 101-ஆ, 122-ஆ? நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவின் எண் 122. அது நிறைவேறிச் சட்டமானபோது, 2016-ல், 101-வது திருத்தச் சட்டம். மசோதாவா, சட்டமா என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் தகராறு முடிந்தது. சொல்ல மாட்டார்கள். வங்கிகள் தேசியமயமான கணக்கும் அப்படியே. 1969-ல் 14, 1980-ல் 6. "இந்திரா காந்தி எத்தனை வங்கிகளைத் தேசியமயமாக்கினார்" என்று வருஷம் சொல்லாமல் கேட்டால் 14-ம் சரி, 20-ம் சரி. இரண்டு தடவையும் பிரதமர் அவர்தானே?

காமர்ஸ் பக்கம்தான் இப்படி என்று மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் சிரிக்க வேண்டாம். தமிழில் குவிஸ் நடத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி இருக்கிறது. அது தலைவலி என்றே பலருக்குத் தெரியாது. "கண்டுபிடித்தவர் யார்?" என்பது எவ்வளவு சாதாரணமான கேள்வி! ஆனால் இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்வதும் தமிழில் கண்டுபிடிப்பு. ஏற்கெனவே இருப்பதை முதலில் பார்ப்பதும் கண்டுபிடிப்பு. காணாமல் போன செருப்பைத் தேடி எடுப்பதும் கண்டுபிடிப்புதான் :-) "நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்" என்றால் அட்டையில் ஜேம்ஸ் வாட் என்று இருக்கும். தாமஸ் நியூகோமன் 1712-லேயே சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நீராவி இயந்திரம் ஓட்டிவிட்டார். வாட் பிறந்ததே 1736-ல். அவர் செய்தது ஏற்கெனவே இருந்ததைப் பிரமாதமாக மேம்படுத்தியது. தனி ஆவிசுருக்கி வைத்து எரிபொருளை மிச்சம் பிடித்தார், 1769-ல் காப்புரிமை வாங்கினார். சாதனைதான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக நியூகோமன் பெயரைச் சொன்ன பெண்ணுக்கு ஏன் பூஜ்யம்?

ஆக்சிஜன் இன்னும் மோசம். ஸ்வீடன்காரர் ஷீலே முதலில் பிரித்தெடுத்தார், ஆனால் அவர் புத்தகம் அச்சாகி வந்தது 1777-ல். பிரீஸ்ட்லி 1774-ல் செய்து, ஷீலேயை முந்திக்கொண்டு வெளியிட்டுவிட்டார். அது ஒரு தனிமம் என்று புரிந்துகொண்டு பெயரும் வைத்தவர் லவாய்சியர். பிரித்தெடுத்தவர், வெளியிட்டவர், பெயர் வைத்தவர் என்று மூன்று நல்ல கேள்விகளுக்கான சரக்கு இதில் இருக்கிறது. மூன்றையும் போட்டு நசுக்கி "கண்டுபிடித்தவர் யார்" என்ற ஒரு மட்டமான கேள்வி ஆக்குகிறார்கள்.

'உயரம்' என்ற சொல்லும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு மேலே என்பதும் உயரம், அடியிலிருந்து நுனி வரைக்கும் எவ்வளவு என்பதும் உயரம். முதல் கணக்கில் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். இரண்டாவது கணக்கில் ஹவாய்த் தீவின் மௌனா கியா. கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான், ஆனால் கடலடியிலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். "கடல் மட்டத்திலிருந்து" என்று சேர்க்க எத்தனை வினாடி ஆகிவிடும்?

இந்தியாவின் உயரமான சிகரம் எது என்று கேட்டால் ஒரு ஜி.கே. புத்தகம் கே-2 என்கிறது (8,611 மீட்டர்), இன்னொன்று கஞ்சன்ஜங்கா என்கிறது (8,586 மீட்டர்). கே-2 இருப்பது பாகிஸ்தான் ஆக்கிரமிப்புப் பகுதியில். இந்திய வரைபடத்தில் அது இந்தியாவுக்குள். நிஜத்தில் அங்கே போக இந்திய அரசிடம் அனுமதி கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஒரு குவிஸ் மாஸ்டர் இரண்டு நாட்டுக்கு இடையிலான பிரச்சினையை அட்டையில் ஒற்றைச் சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கேள்வி ஒன்று நம்மூரிலேயே இருக்கிறது. "தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?" சொல்லிப் பாருங்கள். 1920-ல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பதவியேற்றவர் சுப்பராயலு ரெட்டியார். 1935 சட்டத்தின் கீழ் 1937 ஏப்ரலில் பிரதம மந்திரியாக வந்தவர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு. சில மாதம்தான் இருந்தார். அதே வருஷம் ஜூலையில், தேர்தலில் ஜெயித்த கட்சியின் தலைவராக ராஜாஜி வந்தார். நாடு சுதந்திரம் பெற்றபோது பதவியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். குடியரசானபோது இருந்தவர் குமாரசாமி ராஜா. முதல் பொதுத் தேர்தலுக்குப் பிறகு 1952-ல் மறுபடி ராஜாஜி. மொழிவாரி மாநிலமாக இன்றைய எல்லைகள் ஏறக்குறைய அமைந்த 1956 நவம்பர் 1-ல் காமராஜர். 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 ஜனவரி 14-ல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது அண்ணா. பெயர் மாறி மூன்று வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 3-ல் அவர் மறைந்துவிட்டார். எட்டுத் தருணங்கள், ஏழு மனிதர்கள். கேள்வியில் இருப்பது என்னவோ நாலு வார்த்தை. 'தமிழ்நாட்டின்' என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அண்ணாவைத் தவிர வேறு விடை இல்லை. ஆனால் அட்டையில் அண்ணா இருப்பது அபூர்வம்.

இதையெல்லாம் மேடையில் எடுத்துச் சொன்னால் என்ன நடக்கும் என்பது குவிஸ் பக்கம் ஒதுங்கிய எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் "கேள்வியோட உள்நோக்கம் உங்களுக்குப் புரியுதுல்ல? அப்புறம் ஏன் விதண்டாவாதம்?" என்று ஒரு கேள்வி. கடைசியில் பிரம்மாஸ்திரம்: "குவிஸ் மாஸ்டர் முடிவே இறுதியானது."

இறுதியானதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். யாராவது ஒருவர் முடிவு சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் சாயந்திரம் ஆறு மணிக்குள் அரங்கத்தைக் காலி செய்ய முடியாது. கிரிக்கெட்டிலும் அம்பயர் முடிவுதான் இறுதி. ஆனால் பந்து எங்கே பட்டது என்று தீர்ப்பு சொல்வதுதான் அம்பயர் வேலை. ஸ்டம்பை எங்கே நட்டோம் என்று சொல்லாமல் அவுட் கொடுப்பது அவர் வேலை இல்லை.

"உள்நோக்கம் புரியுதுல்ல" என்ற வாதம் இன்னும் பொல்லாதது. யாருக்குப் புரியும்? கேள்வி கேட்பவர் படித்த அதே புத்தகத்தைப் படித்தவனுக்குப் புரியும். அதே கோச்சிங் சென்டருக்குப் போனவனுக்குப் புரியும். வேறு ஊரிலிருந்து, வேறு பாடத்திட்டத்திலிருந்து, லைப்ரரியில் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்த உள்நோக்கம் எப்படிப் புரியும்? அவனுக்கு எதிரில் இருப்பது கேள்வியின் வார்த்தைகள் மட்டும்தான். அந்த வார்த்தைகளை நம்பிப் பதில் சொல்பவனை விதண்டாவாதக்காரன் என்பது அநியாயம்.

சிலர் இதைத் 'தந்திரக் கேள்வி' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அதையும் விடுவதற்கில்லை. தந்திரக் கேள்வி வேறு, தறிகெட்ட கேள்வி வேறு. "நூறாண்டுப் போர் எத்தனை ஆண்டுகள் நடந்தது?" இது தந்திரம். 1337-லிருந்து 1453 வரை, 116 ஆண்டுகள். அவசரப்பட்டு நூறு என்று சொன்னவன் மாட்டிக்கொள்வான், ஆனால் தோற்ற பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பான். "எவரெஸ்ட்டின் உயரத்தை அளப்பதற்கு முன் உலகின் உயரமான சிகரம் எது" என்றாலும் அப்படித்தான், அளந்தாலும் அளக்காவிட்டாலும் எவரெஸ்ட்தான். தந்திரக் கேள்வியில் ஒவ்வொரு வார்த்தையும் துல்லியமாக இருக்கும், விடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கவனமாகப் படித்தவன் ஜெயிப்பான். தறிகெட்ட கேள்வியில் எவ்வளவு கவனமாகப் படிக்கிறானோ அவ்வளவு மாட்டுவான்.

காலேஜ் பசங்க நடத்தும் குவிஸ்தானே என்றும் ஒதுக்க முடியாது. கோடிக்கணக்கில் பணம் புரளும் இடத்திலேயே இது நடந்திருக்கிறது. நம்மூரில் 'கோடீஸ்வரன்', 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்றெல்லாம் வந்ததே, அவற்றுக்கெல்லாம் மூலமான பிரிட்டிஷ் நிகழ்ச்சியில் 1999-ல் ஒரு கேள்வி வந்தது: டென்னிஸில் ஒரு செட்டை ஜெயிக்க, கோட்பாட்டளவில், ஒரு ஆட்டக்காரர் குறைந்தபட்சம் எத்தனை முறை பந்தை அடிக்க வேண்டும்? போட்டியாளர் 24 என்றார். ஆறு கேம், கேமுக்கு நாலு பாயிண்ட், சரியென்று கொடுத்துவிட்டார்கள். ஆனால் எதிராளி சர்வீஸ் போடும் மூன்று கேமிலும் அவர் டபுள் ஃபால்ட்டாகவே போட்டால் இவர் மட்டையையே அசைக்க வேண்டாம். தன் சர்வீஸ் வரும் மூன்று கேமில் 12 ஏஸ் போதும். 'கோட்பாட்டளவில்' என்ற சொல்லைக் கேள்வியில் போட்டவர்களே அதன் அர்த்தத்தை யோசிக்கவில்லை! தவறு போட்டியாளருடையது இல்லை என்பதால் அவர் ஜெயித்த பணம் அவருக்கே போனது. அது மரியாதை.

அதே நிகழ்ச்சியில் 2006-ல் இன்னொன்று. ஒரு பிரபலத் தம்பதி தர்ம காரியத்துக்காக ஆடி, பத்து லட்சம் பவுண்ட் கேள்வி வரை வந்துவிட்டார்கள். 'லத்தீனிலிருந்து மொழிபெயர்த்தால் அமெரிக்காவின் குறிக்கோள் வாசகம் எது' என்பது கேள்வி. அவர்கள் 'கடவுளை நம்புகிறோம்' என்றார்கள். அட்டையில் இருந்த விடை 'பலவற்றிலிருந்து ஒன்று'. லத்தீனில் உள்ளது இரண்டாவதுதான். ஆனால் 1956-லிருந்து அமெரிக்காவின் அதிகாரபூர்வ வாசகம் முதலாவது, அது லத்தீனே கிடையாது. கேள்வியின் முன்பாதியைப் பிடித்தால் ஒரு விடை, பின்பாதியைப் பிடித்தால் இன்னொரு விடை. 4,68,000 பவுண்ட் கைவிட்டுப் போனது. பிறகு நிகழ்ச்சியினரே கேள்வி தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, அவர்களை மறுபடி கூப்பிட்டு வேறு கேள்வி கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் 5,00,000 பவுண்டோடு விலகிக்கொண்டார்கள். பத்து லட்சம் பவுண்ட் ஆட்டத்திலேயே "எங்கள் கேள்வி சரியில்லை, மறுபடி வாருங்கள்" என்று சொல்ல முடிகிறது. ஐந்நூறு ரூபாய் கிஃப்ட் வவுச்சர் தரும் நம்மூர் குவிஸ் மாஸ்டருக்கு மட்டும் கௌரவம் தடுக்கிறது.

சரி, வவுச்சர் போனால் போகட்டும். இதே பழக்கம் பரீட்சைக்குள் போகும்போது என்ன ஆகிறது?

2024 நீட் தேர்வில் இயற்பியல் கேள்வி ஒன்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற பொருளில் ஒரு கூற்று. சரியா, தவறா? என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய புத்தகத்தில் 'ஒவ்வொரு' என்றே இருந்தது. அதைப் படித்தவனுக்குக் கூற்று சரி. புதிய பதிப்பில் அது 'பெரும்பாலான' என்று திருத்தப்பட்டிருந்தது. அதைப் படித்தவனுக்குக் கூற்று தவறு. தேர்வு முகமை முதலில் இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டு, ஒரு விடைதான் சரி என்று ஜூலையில் முடிவானது. நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது. 720-க்கு 720 வாங்கியதாக முதலில் அறிவிக்கப்பட்டவர்கள் 67 பேர். திருத்திய பட்டியலில் மிஞ்சியது 17 பேர். அறிவியல்படி நிபுணர்கள் சொன்னது சரிதான், கதிரியக்கத் தனிமங்கள் நிலையானவை இல்லை. ஆனால் அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வாங்கிப் படித்த தம்பி என்ன பாவம் செய்தான்? புதுப் புத்தகம் வாங்கக் காசில்லாதது குற்றமா?

2018 நீட்டில் தமிழில் எழுதியவர்களின் கதை இதைவிடக் கொடுமை. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியாக எழுதியவன், எழுதாதவன் எல்லோருக்கும் 196 என்பது நியாயமான மருந்து இல்லைதான். அதற்காகப் பூஜ்யம் நியாயமாகிவிடுமா? சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்துக்கொண்டு, தமிழில் எழுத வாருங்கள் என்று கூப்பிடுவது என்ன வகை அழைப்பு?

கேள்வி தப்பு என்று சொல்வதற்கும் காசு கட்ட வேண்டும் என்பது தனிக் கூத்து. 2024 நீட் விடைக்குறிப்பை ஆட்சேபிக்கக் கேள்விக்கு 200 ரூபாய், திருப்பித் தரப்பட மாட்டாது. கடையில் கெட்டுப்போன பாலைக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போனது என்று சொல்ல 200 ரூபாய் கேட்டால் அந்தக் கடைக்காரரை என்ன செய்வார்கள்?

இத்தனைக்கும் இது புதிதாக யோசிக்க வேண்டிய சமாசாரம் இல்லை. கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1983-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கேள்வியில் தெளிவின்மை இருக்கிறது என்று சுட்டிக்காட்டப்பட்டால் உடனே முடிவெடுத்து அந்தக் கேள்வியை நீக்கிவிட வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 2024 வழக்கை விசாரித்த அமர்வின் தலைமை நீதிபதி அவர் மகன் டி.வொய். சந்திரசூட். அப்பாவிடம் போன அதே தகராறு மகனிடமும் போயிருக்கிறது. நடுவில் 2017-ல் இன்னொரு வழக்கில், சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே போக வேண்டும் என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது. தேர்வுகள் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது அதன் காரணம். காரணம் புரிகிறது. ஆனால் கேள்வியை எழுதியவருக்கு எழுத நேரம் இருந்தது, சரிபார்க்க ஆள் இருந்தது. பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருந்தது கேள்விக்கு ஒரு நிமிஷம் சொச்சம். சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்?

"அப்படியானால் ஒவ்வொரு கேள்வியையும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி நீட்டி எழுதணுமா?" என்று கேட்கலாம். வேண்டாம். ரிசர்வ் வங்கியின் முதல் கவர்னர் யார்? ஆஸ்போர்ன் ஸ்மித். கவர்னரான முதல் இந்தியர்? சி.டி. தேஷ்முக். இரண்டும் நாலைந்து வார்த்தைக் கேள்விகள்தான், இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாலு ஆப்ஷன் கொடுத்துக் கேட்கும்போது வேலை இன்னும் சுலபம். பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தானைப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் 1900-க்குப் பிறகு வந்த வங்கிகளாகப் போட்டால் பழைய கேள்வியே பிழைத்துக்கொள்ளும். ஆப்ஷனிலேயே இரண்டு 'முதல்'களைச் சேர்த்துப் போடுகிறவரைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

குவிஸ் நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. முதல் நாள் ராத்திரி எல்லாக் கேள்வியையும் போட்டியில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் கொடுங்கள். விடையைக் காட்ட வேண்டாம். "ஒவ்வொன்றுக்கும் இரண்டாவதாக ஒரு சரியான பதில் கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அவர் கண்டுபிடித்த இடத்திலெல்லாம் ஒரு அடைமொழி சேருங்கள். அதையும் மீறி ஒன்று தப்பி மேடைக்கு வந்துவிட்டதா? ஆட்சேபிப்பவர் ஆதாரம் காட்டினால் இரண்டு டீமுக்கும் பாயிண்ட் கொடுங்கள், இல்லையென்றால் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுங்கள். அதற்காகவே ஐந்து கேள்வி அதிகப்படியாக எழுதி வைத்திருங்கள். அந்த ஐந்தில் ரூபாய் நோட்டுக் கேள்வி மட்டும் வேண்டாம். எழுதியே தீருவேன் என்றால், மொழிப் பட்டியலிலா, மொத்த நோட்டிலா என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.